ஐந்தில்லை, ஆறு

குதைபியாவில் எங்கள் அறையில்
ஏழு கட்டில், ஒன்பது பேர்.
இரண்டு கட்டிலுக்கு இரண்டு ஷிப்ட்,
கணக்கு இடிக்கவில்லை.

நான் பகலில் கிடங்கில் பெட்டி எண்ணுகிறேன்.
பெல்சன் இரவில் அலுமினியம் உருக்குகிறான்.
நான் வரும்போது அவன் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பான்.
தலையணையில் அவன் தலைச்சூடு இருக்கும்.
உறையை மட்டும் மாற்றிக்கொள்வோம்,
அவனுடையது நீலம்.

லேப்டாப்பும் பாதிப்பாதி.
ஆளுக்கு இருபத்தெட்டு தினார்.
பழைய சரக்கு, ‘எஃப்’ கட்டை கழன்றது.
அவனுக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ்.
திறந்ததும் கருப்புத் திரையில் இரண்டு பெயர்,
பத்து விநாடி,
அம்புக்குறி, என்டர்.
எட்டு மாதம் ஒரு சண்டையில்லை.
பேசினால்தானே சண்டை.

வியாழன் இரவு திறக்கிறேன்,
பெயர்கள் இல்லை.
அப்படி ஒரு பகுதியே கிடையாது என்று ஒரு வரி.
கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’,
பக்கத்தில் துடிக்கும் சின்னக் கோடு.
காப்பாற்று என்று கேட்பது
அதுவா, நானா?

வெள்ளிக்கிழமைகளில் நான் வெளியே போய்விடுவேன்.
எனக்குத்தான் விடுமுறை, கட்டிலுக்கு இல்லை.
கோல்ட் ஸ்டோர் வாசலில் ஒரு கரக் டீ,
பிறகு கால் போகிற தூரம்.
இந்த வெள்ளி போகவில்லை.
லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.
ஆறரைக்கு வந்தவன்
பூட்ஸைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“என்ன செஞ்சே?”
“ஒண்ணும் செய்யலியே மக்கா.”

அப்புறம் சொன்னான்.
இடையில் யாருக்கும் சேராத இடம்
இருபது ஜிபி கிடந்ததாம்.
அதில் ஒரு டிரைவ் போட்டிருக்கிறான்.

எதுவும் அழியவில்லை.
அவன் நடுவில் ஒன்றை நுழைத்ததும்
ஐந்தாவதாக இருந்த என் வீடு ஆறாவதாகிவிட்டது.
எழுப்பிவிட வேண்டியவன்
ஐந்தையே தட்டிக்கொண்டு நிற்கிறான்.
இந்த ஊரில் விலாசமெல்லாம் எண்தான்,
பிளாட், பில்டிங், ரோடு, பிளாக்.
ஒரே ஓர் இலக்கம் பிசகி
என் ஏடிஎம் அட்டை மூன்று வாரம்
ஒரு தையல் கடை மேசையில் கிடந்திருக்கிறது.

எல்எஸ் என்று தட்டினேன்.
அடைப்புக்குறிக்குள் வரிசையாகக் கதவுகள்.
ஒன்று: தெரியாத பாஷை.
ஐந்து: தெரியாத பாஷை.
ஆறு: பூட், ஹோம், வார், டெம்ப்,
என் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லின.

ப்ரிஃபிக்ஸ் என்று எழுத வேண்டும்.
எஃப் வந்ததும் பெல்சன் விரலை நீட்டினான்.
கட்டையில்லாத அந்த ரப்பரை
எவ்வளவு அழுத்த வேண்டுமென்று அவனுக்குத்தான் தெரியும்.
கடைசிக் கட்டளை: நார்மல்.
ஒரு சொல்லில் இயல்புக்குத் திரும்பிவிட்டது.
“இவ்வளவுதானா?” என்றான்.

இவ்வளவு இல்லை.
அணைத்தால் மறுபடி ஐந்தைத் தேடிப் போகும்.
உள்ளே போய், வட்டின் நெற்றியில்
புது விலாசத்தை எழுதி வைத்தேன்.
யார் யார் இருக்கிறார்கள் பார் என்றேன்.
முதலில் என்னுடையதைக் கண்டதாகச் சொன்னது,
கொஞ்சம் யோசித்து அவனுடையதையும்.

அவன் போட்ட டிரைவைத் திறந்தேன்.
பெரிய எழுத்தில் ‘பெல்சன்’ என்று பெயர்.
உள்ளே ஒன்றுமில்லை.
“எதுக்குடா இது?”
“சும்மா. எம் பேருல ஒண்ணு கெடக்கட்டும்னு.”
பூட்ஸ் இன்னும் கையில்தான் இருந்தது.
“அழிச்சிரட்டா?”
“வேண்டாம். நான் ஆறிலேயே இருக்கிறேன்.”

அணைத்துத் திறந்தோம்.
இரண்டு பெயர்களும் வந்தன.
பத்து, ஒன்பது, எட்டு.
இரண்டு பேரும் முழித்துக்கொண்டிருக்க
யாரும் அம்புக்குறியைத் தொடவில்லை.

மணி ஒன்பதாகியிருந்தது.
அதுவரை யாரும் படுக்காத கட்டில்
ஏசிக் காற்றில் சில்லிட்டுக் கிடந்தது.
அவன் நீல உறையைத் தேடினான்.
நான் செருப்பைத் தேடினேன்.