யாருடைய கை

நவம்பரில் பீட்டர்ஹெட் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
அந்த இருட்டில் வாரம் இரண்டு நாள்
துறைமுகத்துக்குப் பின்னால், தேவாலயக் கூடத்துக்கு
ஆங்கிலம் படிக்கப் போகிறேன்.
எத்தனை சோப்புப் போட்டாலும்
கை வைத்த மேஜையில் ஹாடக் மீன் வாசம்.
பரவாயில்லை, பக்கத்து நாற்காலி ஸ்டோயன்,
அவனும் எங்கள் ஃபேக்டரிதான்.

நூலகம் கழித்துப்போட்ட சொற்புத்தகம், ஐம்பது பென்ஸ்.
நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருந்தது
எனர்வேட்.
பார்த்ததும் பிடித்துப்போனது.
உள்ளே எனர்ஜி இருப்பதுதான் தெரிகிறதே,
பொருள் எதற்கு?
தெரிந்த முகத்திடம்
யார் அடையாள அட்டை கேட்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை
ஷிஃப்ட் மேலாளர் லாக்லன் பூக்கனுக்குக் கடைசி நாள்.
வாழ்த்து அட்டை கைமாறிக் கைமாறி வந்தது.
போஷெனா ஒரு பூ வரைந்திருந்தாள்,
மீன்போல இருந்தது.
"யூர்கிதா, நீதானே படிக்கிறவள், நீ எழுது."
எழுதினேன், பெரிய எழுத்தில், எல்லோர் சார்பிலும்:
பதினோரு வருடம்
தினமும் காலையில் எங்களை எனர்வேட் செய்தீர்கள்.
ஒருநாளும் மறக்க மாட்டோம்.

அவர் அதை உரக்க வாசித்தார்.
கேக்கில் இறங்கிய கத்தி பாதியில் நின்றது.
கணக்குப் பிரிவு மோரக்குக்கு இருமல் வந்தது,
அது இருமல் இல்லை.
நாங்கள் முப்பது பேரும் கை தட்டினோம்.
பூக்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி வாசித்தார், இந்த முறை
உதடு மட்டும் அசைந்தது.

இரவு, அடுப்பில் உருளைக்கிழங்கு.
அகராதியைத் திறந்தேன்.
வலுவிழக்கச் செய். சோர்ந்துபோக வை. சத்தை உறிஞ்சு.
உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.

கீழே, எறும்பு எழுத்தில், சொல் பிறந்த கதை:
லத்தீனில், நரம்பை உருவி எடுத்தல்.
எங்கள் லிதுவேனிய மொழியிலும் நரம்பு நெர்வாஸ்தான்.
என் வீட்டுப் படியிலேயே நின்றிருக்கிறது சொல்,
நான்தான் அதைத் தாண்டிப் போய்
எனர்ஜி எனர்ஜி என்று
எவரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உருவி எடுத்தல்.
எட்டு மணிநேரம் இடுக்கியால் நான் செய்வது.
முள் வேறு, நரம்பு வேறு, தெரியும்.
ஆனால் உருவியபின்
மீன் கையில் தொய்ந்து விழுவதை
அந்த லத்தீன்காரனும் பார்த்திருக்க வேண்டும்.

யோசித்தால் பொய்யுமில்லை.
காலை ஐந்தரைக்குப் பலகையில் இலக்கை எழுதி
நேற்றைய எண்ணை அவர் அடிக்கும்போதே
முழங்கால் விட்டுப்போகும் எங்களுக்கு.
அவர்தான், பனி கொட்டிய இரவில்
போஷெனாவை அபர்டீன் ஆஸ்பத்திரிக்கு
தன் காரில் கொண்டுபோனார்.
இதற்கு அந்தப் புத்தகத்தில் சொல் தேடினேன்.
அகர வரிசையில் தேட முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து சூப்பர் மார்க்கெட்டில்,
மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ரொட்டிகளின் முன்னால்,
பூக்கன்.
"அந்தச் சொல், தெரிந்துதான் எழுதினாயா?"
இரண்டு பதில்கள் நாக்கில் முட்டிக்கொண்டன.
"தெரியாமல்தான்" என்றேன்.
"ஓ" என்றார், கொஞ்சம் ஏமாந்ததுபோல.
"என் மனைவி இதையே சொல்வாள்,
இன்னும் சின்னச் சொற்களில்."

வீட்டுப்பாடம்: வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
புத்தகம் காட்டும் உதாரணம்,
வெயில் படைவீரர்களை எனர்வேட் செய்தது.
வெயிலுக்கு எங்கே போவேன் இந்த ஊரில்.
நான் எழுதினேன்:
பதினோரு வருடம் எங்களை எனர்வேட் செய்தவர்
தள்ளுபடி ரொட்டியை எடுத்தபோது
கை நடுங்கியது.

ஆசிரியை பச்சை மையில் டிக் போட்டு
ஓரத்தில் கேட்டிருக்கிறாள்:
சொல் சரி. யாருடைய கை?