ஏழாம் சேனல்

மேடையில் இன்னாசிக்குச் செருப்பு ஆகாது.
மற்றவர்கள் பளபளக்கும் ஷூவோடு ஏறுவார்கள்.
அவர் வெறுங்காலோடு போய் நிற்பார்
டிரம்ஸ்காரனின் தட்டு நிழலில்.
போட்டோவில் வரமாட்டார்.
வந்தால் ஒரு முழங்கை.

நான் மிக்ஸர்க்காரன்.
செக்காலையில் சவுண்ட் சர்வீஸ்.
பதினோரு வருடம் அவருடைய நான்கு கம்பியும்
என் ஏழாம் சேனல் வழியாகத்தான்
ஊருக்குள் போயின.
போயின என்பது பாதிப் பொய்.
அதற்கு வருகிறேன்.

அப்பா செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் கேட் கீப்பர்.
தண்டவாளத்தில் உள்ளங்காலை வைத்தே
பாசஞ்சரா கூட்ஸா என்று
பையன் சொல்லிவிடுவானாம்.
இது டிரம்ஸ் லாரன்ஸ் சொன்னது,
லாரன்ஸ் சொல்வதில் கழிவு போக வேண்டும்.
அவரே சொன்னது வேறு:
சர்ச்சில் கிடைத்த பழைய கிடாரில்
மெல்லிய கம்பி ஒன்று அறுந்தது.
வாங்கக் காசில்லை. இன்னொன்றும் அறுந்தது.
"மிச்சம் தடிச்சது நாலு.
அப்படித்தாம்ப்பா பேஸ் ஆனேன்."

பகலில் புதுவயல் ரைஸ் மில்லில் மூட்டைக் கணக்கு.
இரவில் மெல்லிசை.
தவிட்டுத் தூசி நகத்தில் இருக்கும்.
விரல் வெடித்தால் ஃபெவிகுயிக் ஒரு சொட்டு,
ஊதிக் காயவைத்து அடுத்த பாட்டு.

தொண்ணூற்று மூன்றில் கோடம்பாக்கம் போனார்.
பதினாறு நாள் காத்திருந்து
ஒரே ஒரு பாட்டுக்கு வாசித்தார்.
படம் வரவில்லை. பாட்டும் வரவில்லை.
பேட்டா வந்தது.
செலினுக்கு அதில் கிரைண்டர் வாங்கினார்,
இன்னும் ஓடுகிறது.
மாவு அரைக்கும்போது அதன் சுருதி
ஏ-வுக்குக் கொஞ்சம் கீழே என்பார்.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
வளவு நிறையக் கூட்டம்.
அவர் தடிக் கம்பியை ஒரு முறை தொட்டதும்
சுவரில் பெல்ஜியம் கண்ணாடி நடுங்கியது,
சீர் வைத்த எவர்சில்வர் அடுக்கெல்லாம்
ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தது.
"லாரி எதுவும் உள்ள வருதாப்பா?"
என்றார் பெண்வீட்டு ஆச்சி.
பாடகர் பாஸ்கரதாஸ் சிரித்துக்கொண்டே
உள்ளங்கையைத் தரைப்பக்கம் அழுத்திக் காட்டினார்.
குறைத்தேன்.

அதற்கப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
கை பழகிவிட்டது.
கோயில், சர்ச், காதுகுத்து, கட்சிக்கூட்டம்,
ஒயரைச் செருகியதும் ஏழைத்தான் முதலில் இறக்கும்.
அவர் பாட்டுக்கு வாசிப்பார்.
நானும் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

போன பங்குனி, பள்ளத்தூர்.
மணி ரெண்டு, டீ ஆறிப்போயிருந்தது.
கேட்டுவிட்டேன். "அண்ணே, தெரியுமா?"
"என்னிக்கிருந்து?" என்று கேட்டார் திருப்பி.
நான் தேதி தேடினேன்.
"கானாடுகாத்தான்" என்று அவரே எடுத்துக்கொடுத்தார்.
"பலகை சொல்லும்ல, காலுக்கு.
அப்பறம் அந்த நாயைப் பாரு."
பெரிய ஸ்பீக்கர் பெட்டிமேல்
ஒரு செம்பட்டை நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.
"எந்த ஊருக்குப் போனாலும் ஒண்ணு வந்து படுத்துக்கும்.
நீ வேல பாக்குற லட்சணம்."
கோபமில்லை. வடையைப் பிய்த்துப்
பாதியை அதனிடம் எறிந்தார்.

டீக்கு அப்புறம் இரண்டாம் பாட்டில்
ஏழைத் தூக்கினேன்.
பாஸ்கரதாஸ் திரும்பினார், உள்ளங்கை அழுத்தினார்.
நான் குனிந்து ஒயர் தேடுவதுபோல் இருந்தேன்.
நாய் எழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது,
இறங்கிப் போய்ப் பந்தல்காலடியில் படுத்தது.
முன்வரிசையில் அப்பன் தோளில் இருந்த குழந்தை
பாட்டு முடியும்வரை
தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தது.
இன்னாசி என் பக்கமே பார்க்கவில்லை.
கால் கட்டைவிரல் மட்டும்
பலகையிலிருந்து ஒரு முறை எழும்பி இறங்கியது.

சம்பளத்தில் எனக்கு இருநூறு குறைத்தார்கள்.
வெள்ளிக்கிழமை கண்டனூர்.
ஏழாம் பட்டனில் எண் தேய்ந்து போயிருக்கிறது,
மார்க்கர் வாங்கணும்.