ஆற்றுவாயில் நிற்கும் படகுகளுக்கு

மூன்று பாய்மரம் தெரிகிறது.
நேற்று மாலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்:
உள்ளே வரலாமா, ஜெட்டி நிற்கிறதா, தண்ணீர் உண்டா.
பாட்டரி ஏற இவ்வளவு நேரமாகிவிட்டது.
சுங்கை நீபா பேசுகிறேன்.
எழுதிக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் சிவப்பு மிதவையைத் தேடாதீர்கள்.
அது இப்போது பதினான்காம் பிளாக்கில்
செம்பனைகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடக்கிறது.
பிள்ளைகள் ஏறிக் குதிரை ஓட்டுகிறார்கள்.
அதை நம்பித் திரும்பினால்
நீங்களும் குலை வெட்டத்தான் போகவேண்டும்.

நீர் ஏறும்வரை பொறுங்கள்.
ஆற்றில் மட்டைகள், வேரோடு வந்த தென்னை,
யாருடையதோ ஒரு குளிர்பெட்டி, கதவு மூடியபடி.
இரவில் வேண்டவே வேண்டாம்.

ஜெட்டிக்கு நாற்பது கால் இருந்தது.
பதினொன்று இருக்கிறது.
அதில் ஒன்பதை நான் நம்புவேன்.

டீசல், தவ்கே ஆ ஹோக்கிடம்.
படகுக்கு நாற்பது லிட்டர்,
அதுவும் கிளினிக் ஜெனரேட்டர் குடித்தது போக.
ஐஸ் இல்லை. ஐஸ் கிடங்கில் இருந்த மீனை
ஆறாம் நாள் புதைத்தோம்; அந்தப் பக்கம் காற்று வீசினால்
நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.
ரொட்டி உண்டு. மொக்தார் அடுப்பு மூட்டிவிட்டார்.
பேங்க் மெஷின் வாயே திறக்கவில்லை,
சில்லறை நோட்டாகக் கொண்டுவாருங்கள்,
நூறு ரிங்கிட்டை மாற்ற இந்தப் பாசாரில் ஆளில்லை.

கிணறுகளில் உப்பு.
கோயில் தொட்டியில் காலை ஆறிலிருந்து ஏழு வரை,
குடும்பத்துக்கு இரண்டு வாளி.
கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள்
வரிசைக்கு வராமல் இருங்கள்.
வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.
நகர்ந்து முன்னால் விடுவார்கள்.
அதனால்தான் சொல்கிறேன்.

படம் எடுக்கலாம். லயத்துக்குள் போகலாம்.
கூரையில்லாத வீடென்றாலும்
வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள்.
கதவே இல்லையென்றாலும்.
உள்ளே ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருப்பாள்.

பழைய துணி வேண்டாம்.
பதினேழு மூட்டை வந்து பாலாய் ராயாவில்
ஈரம் காயாமல் நாறிக்கொண்டிருக்கிறது.
மேல்மூட்டையில் ஒரு கோட்டு இருந்தது, பனிக்காலத்துக்கு.
புஷ்பராணி அதைப் போட்டுக்கொண்டு
சகதியில் நடந்து காட்டினாள்.
புயலுக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

வாங்க.
எங்கள் பேச்சில் அதற்கு இரண்டு பொருள்:
வந்து சேருங்கள் என்று ஒன்று,
காசு கொடுத்து எடுக்க என்று இன்னொன்று.
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல
உங்கள் மொழியில் எனக்கு வழி தெரியவில்லை.
தேங்காய் இருக்கிறது, வாழைப்பூ இருக்கிறது,
லெச்சுமி கடையில் நனையாத மிளகாய்த்தூள் இருக்கிறது.
பேரம் பேசுங்கள், தயவுசெய்து.
சொன்ன விலைக்கு மேலே கொடுத்துவிட்டுப்
போகாதீர்கள்.

இன்னொன்று. முன்பே வந்துபோனவர்களுக்கு.

இந்தச் செட்டில் வழக்கமாகக் கேட்ட குரல் எங்கே என்று
இந்தச் சேனலில் கேட்காதீர்கள்.
நேற்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள்,
தருமா, தருமா, கேட்கிறதா என்று.
அவர் வீட்டில் ஒரு கைச்செட்டு உண்டு.
சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்ல வைத்திருந்தது.
பூங்காவனம் அக்கா அதை அணைப்பதேயில்லை.
எங்களுக்கே கரண்டு இல்லை,
அந்தப் பாட்டரியை எங்கே போய் ஏற்றிவருகிறாள் என்று
நாங்கள் கேட்டதில்லை.

கரைக்கு வந்தபின் சொல்கிறேன்.
அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்;
மில் ஆபீசில் எடை குறிப்பவள், பெயர் கோமளவல்லி.
துறைக்கட்டணம் பழையபடி பத்து ரிங்கிட்.
ரசீது உண்டு.

மழை இருண்டு வருகிறது, வடக்கே.
பதினொன்றே காலுக்கு நீர் நிறையும்.
ஒவ்வொன்றாக வாருங்கள், பச்சைப் படகு முதலில்.
கயிற்றை மெதுவாக எறியுங்கள்.
பிடித்துவிடுவேன்.
முடிச்சுதான் இன்னும் சரியாக விழவில்லை.