ஏழு மீட்டர்

செப்டம்பர் ஒன்பது, காலை ஆறே முக்கால்.
ரெஃபிக்கின் லாரி பின்பக்கமாக வந்து
தெருவை மறித்து நின்றது.
ஏழு மீட்டர் பீச் மரம் என்றது அவன் வாய்.
இறக்கும் முன்னே மேலேறி அளந்தேன்.
ஆறே கால்.

"இடையிலே காற்று இருக்கிறதே அக்கா,
அதையும் மலையிலிருந்துதானே ஏற்றி வந்தேன்?"
காற்றுக்கும் காசு வாங்கிக்கொண்டு போனான்.

இந்த மாதத்தில் இங்கே யாரும் யாரையும்
நலமா என்று கேட்பதில்லை.
விறகு வந்துவிட்டதா என்பார்கள்.
வந்துவிட்டது என்றால் நலம்.

பக்கத்து வீட்டு விங்கோ ரம்பம் கொண்டுவந்தான்.
துண்டுக்கு முப்பத்துமூன்று சென்டிமீட்டர்,
என் அடுப்பின் வாய் அவ்வளவுதான் திறக்கும்.
விங்கோவின் வாய் அதைவிடக் குறைவு.
மூன்று மணி நேரத்தில் அவன் பேசியது
"தள்ளி நில், நஃபியா."
அப்புறம் மறுபடியும் "தள்ளி நில்."

பிளப்பது என் வேலை.
முதலில் கட்டையின் முகம் பார்க்க வேண்டும்,
வெடிப்பு எங்கே ஓடுகிறதோ கோடரி அங்கே.
காய்ந்தது கணீரென்று இரண்டாகும்.
பச்சை, சேற்றில் மாட்டிய செருப்பு.
கணு விழுந்ததைத் தனியே ஒதுக்கினேன்,
ஜனவரிக்கு ஆகும்.

பதினோராவது கட்டையில் கோடரி கத்தியது.
மரத்தில் படும் சத்தம் இல்லை அது.
விங்கோ ரம்பத்தை அணைத்தான்.
பிளவுக்குள் நீலக்கறை,
மை கொட்டிய பாடநோட்டு மாதிரி.
நடுவில் சுண்டுவிரல் நகமளவு
கறுத்த இரும்பு.

இந்த மலையில் இது புதிதில்லை.
ஆலைக்காரன் கருவியைக் காட்டிப் பார்ப்பான்,
கீச்சென்றால் கழித்துவிடுவான்.
கழித்ததுதான் எங்களுக்கு மலிவாய் இறங்குகிறது.
நாற்காலியாகக் கொடுத்துவைக்காதது
விறகாகிறது.

விங்கோ மண்டியிட்டான்.
எச்சில் தொட்ட விரலால்
பட்டையிலிருந்து உள்ளே எண்ணினான்.
பத்தில் தவறி, திரும்பத் தொடங்கினான்.
முப்பத்தொரு வளையம்.

அந்த ஆண்டு அவன் எந்தச் சரிவில் இருந்தான் என்று
எனக்குத் தெரியும்.
என் அண்ணன் ஷெவ்கெத் எந்தச் சரிவில் என்று
அவனுக்கும்.
மரம் அதை வாயில் அதக்கிக்கொண்டே
ஆண்டுக்கொரு சுற்று பெருத்திருக்கிறது.

"இதை எரிக்காதே."
"ஏன்?"
"அடுப்புக் கண்ணாடி உடையும்."
என் அடுப்புக்குக் கண்ணாடியே கிடையாது.

தென்சுவரோரம் தொடங்கி அடுக்கினோம்,
பட்டை மேலே, வெட்டுமுகம் வெயிலுக்கு.
இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி இல்லை,
அடுக்கே வேலியாகி ஆளுயரம் தாண்டியது.
இரும்புக் கட்டையை அடிவரிசைக் கோடியில் வைத்தேன்.

நவம்பரில் அது அவன் பக்கம் சாய்ந்தது.
மறுநாள் விடியலில் இரண்டு முட்டுக்கழி,
பனியில் வந்துபோன பூட்ஸ் தடம்.
முட்டுக் கொடுத்தவன் ஜன்னலில்
திரை இழுத்து மூடியிருந்தது.

அப்புறம் குளிர் தின்னத் தொடங்கியது.
மைனஸ் பத்தொன்பதில், மின்சாரம் போன இரவுகளில்,
தணல் சரியும் சத்தத்தை வைத்து நேரம் கணித்தேன்.
கணுக்கள் நின்று எரிந்தன.
வேலி இறங்க இறங்க
முதலில் விங்கோவின் தொப்பி தெரிந்தது,
பிறகு மீசை,
பிப்ரவரியில் பெல்ட் வரைக்கும் ஆள்.

மார்ச் பதினாறு. வெளியே திரும்பவும் பனி.
ரெஃபிக் விற்ற முக்கால் மீட்டர் காற்று
எரியக்கூடியதாக இருந்தால்
இன்னும் மூன்று வாரம் ஓட்டியிருப்பேன்.
மிச்சம் அந்த ஒரு கட்டை.

போட்டேன்.
மற்றதைப் போலத்தான் பற்றியது.
காலுறை காய்ந்தது. பால் பொங்கியது.

காலையில் சாம்பலைச் சலித்தபோது
சல்லடையில் நின்றது.
காப்பிச் சாசரில் எடுத்து வைத்தேன்.

விங்கோ தள்ளுவண்டியில்
தன் விறகு கொஞ்சம் உருட்டிக்கொண்டு வந்தான்,
வேலி இருந்த இடத்தின் வழியாகவே.
உட்கார்ந்தான்.
சாசரைப் பார்த்தான்.

"கண்ணாடி உடைந்ததா?"
"இல்லை."

காப்பியில் இன்னொரு சர்க்கரை போட்டுக்கொண்டான்.