அடுக்கு எண் 417

மேலே தக்காளி விளைந்த மண், ஒரு முழம்.
கீழே யாருக்கும் வேண்டாத மஞ்சள் வண்டல்.
அதற்கும் கீழே
கரணையின் சத்தம் மாறுகிறது:
ஓடு.
ஓட்டின் மேல் ஓடு, எல்லாம் ஆற்றுப்பக்கம் சரிந்து,
கூரை கடைசியாகப் பார்த்த திசையில்.

நெவேனா தெளிப்பானால் நீர் தூவுகிறாள்.
காய்ந்தால் எல்லா மண்ணும் ஒரே மண்.
நனைந்தால்தான் கறுப்பு தன் பெயரைச் சொல்லும்,
சூடு பட்ட சிவப்பு விலகி நிற்கும்.
வண்ண அட்டையின் துளை வழியே பார்த்து
எண்ணைச் சொல்கிறாள்; யாசென் எழுதுகிறான்.

தடிமன்: பதினெட்டு முதல் முப்பத்தொரு சென்டிமீட்டர்.
சேர்மானம்: கரி, சுட்ட களிமண், ஆணி நாற்பத்திரண்டு.
உருகி ஓடி, வாசற்படி தாண்டுமுன் உறைந்த ஈயம்.
வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரித்த
கருகிய கோதுமை, இரண்டு கைப்பிடி.
ஒட்டிப்போன செப்புக்காசு பதினொன்று;
மேலே இருக்கும் பேரரசருக்கு மூக்கு மட்டும் மிச்சம்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது:
விளக்கம்.

நகராட்சியிலிருந்து வந்தவர்
பளபளக்கும் காலணியோடு பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறார்
(அங்கே நிற்காதீர்கள், சரியும் என்று
இரண்டு முறை சொல்லியாயிற்று).
"ஹூணர்கள்தானே?"
அறிவிப்புப் பலகை அச்சுக்குப் போகவேண்டுமாம்.
குதிரையும் தீப்பந்தமும் வரைந்து முடிந்ததாம்.

ஹூணர்களாக இருக்கலாம்.
அடுப்பில் மறந்த எண்ணெயாகவும் இருக்கலாம்.
சம்பளம் கிடைக்காத சொந்தப் படைவீரர்களாக,
அல்லது கூரையில் இறங்கிய ஓர் இடியாக.
எரிந்தது, எரித்தது:
நடுவில் ஒரேயொரு மெய்யெழுத்து.
அந்த எழுத்துக்கு இந்த மண்ணில் சான்று இல்லை.
அம்புமுனைகள் கிடைத்தது உண்மை. எட்டு.
ஆனால் தண்டு கோக்காதவை, மூலையில்,
துருவேறி ஒரே கட்டாக.
யாரும் யார்மேலும் எய்யாதவை.

இதை நெவேனா அவரிடம் சொன்னாள்.
அவர் கைபேசியில் நேரம் பார்த்தார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு
ஷெஃப்கெத் கையை உயர்த்திக் கூப்பிட்டார்.
இங்கே மண் இளகியிருக்கிறது.
கறுப்புக்குள் ஒரு பழுப்பு வட்டம், தோள் அகலம்.
இரண்டு நாள் கரண்டியால் அள்ளினோம்.
ஓட்டை உடைத்துக்கொண்டு, கரியைத் துளைத்துக்கொண்டு,
நேரே தரைக்கு, வடகிழக்கு மூலைக்கு,
ஜாடி ஒன்று உட்கார்ந்திருந்த குழிவுக்கு.
ஜாடி இல்லை.

இப்படியும் அப்படியும் கிளறவே இல்லை.
தேடிய குழி அல்ல,
தெரிந்த குழி.

எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பார்கள்.
இவன் ஆறும்வரை காத்தவன்.
அல்லது இவள்.
எங்களுக்கு முன்பு இங்கே அகழ்ந்த ஆள்,
குறிப்பு எதுவும் எழுதாமல் போன ஆள்.

குழிச்சுவரில் கொத்துத் தழும்புகள்.
ஷெஃப்கெத் தன் கொத்தை இடக்கைக்கு மாற்றி
காற்றில் ஓங்கிக் காட்டினார். சாய்வு பொருந்தியது.
"என்னைப் போல," என்றார்.
நெவேனா அதை எழுதவில்லை.
தேநீருக்குப் பிறகு எழுதினாள்,
பென்சிலில், கேள்விக்குறியோடு.

குழிக்கு எண் 418.
417-ஐ வெட்டுகிறது; ஆகவே பிந்தையது.
எவ்வளவு?
சாம்பலின்மேல் நகக்கனத்துக்கு ஒரு வண்டல் படிந்திருக்கிறது,
தண்ணீர் தேங்கி வற்றிய படிவு;
குழி அதையும் வெட்டியிருக்கிறது.
ஆகவே, குறைந்தது ஒரு மழை.
அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது:
ஒரு வாரமோ, ஒரு பிள்ளை வளர்ந்து
இடக்கையில் கொத்துப் பிடிக்கும் காலமோ.

இன்று டான்யூபின் மேல் மேகம் கூடிவிட்டது.
மணல் ஏற்றிய படகு ஒன்று விளக்கேற்றிப் போகிறது.
தார்ப்பாய் விரித்து ஓரங்களில் பழைய டயர் வைக்கிறோம்.
ஜாடியில் என்ன இருந்திருக்கும் என்று
யாசென் மூன்றாவது தடவை கேட்கிறான்;
ஷெஃப்கெத் இந்த முறை, "ஊறுகாய்" என்கிறார்.

முதல் துளி விழுவதற்குள்
நெவேனா முழங்காலில் படிவத்தை வைத்து நிரப்புகிறாள்.
விளக்கம்: எரிந்தது. மழை பெய்தது.
வீட்டை அறிந்த ஒருவர் திரும்பி வந்தார்.

கீழே, பதிவு செய்தவர் கையொப்பம்.
ஈரத்தாளில் பேனா எழுத மறுக்கிறது.
பென்சில் யாரிடம் என்று கேட்கிறாள்.