நீலக் கோட்டு

இருபத்திரண்டு வருடம் தபால் பை சுமந்த கால்கள்.
மூன்று இடத்தில் நாய் கடித்த தழும்பு.
ஒன்று, பல் டாக்டர் வீட்டு வெள்ளைப் பொமரேனியன்.
அடுத்தது, பாதிரியார் மடியில் தூங்கும் குட்டைக்கால் கிழடு;
கடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் தும்மியது.
மூன்றாவது எதுவென்று பார்க்கவில்லை,
ஓடிக்கொண்டிருந்தேன்.
இவை எதையும் எந்த ஊரும் தடை செய்யவில்லை.

டுலூத்தில் ஜனவரி வந்தால் ஏரி புகைவிடும்.
மூடிப்போன வார்ப்பாலையின் கொல்லையில்
சங்கிலியோடு கிடந்ததென்று
ஒரு சனிக்கிழமை வேனிலிருந்து இறக்கினான் ஓடெல்.
கழுத்துப்பட்டை சதைக்குள் போயிருந்தது.
குட்டியில் மாட்டியது.
கழுத்து வளர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் காப்பகத்தில்
தரை கழுவுவதும், கூண்டுக்கு அட்டை எழுதுவதும் என் வேலை.
அட்டையில் ஒரு கட்டம்: இனம்.
அகன்ற தலை, அகன்ற வாய், பழுப்பில் புலிவரி.
ஓடெல் பேனாவை மூடினான்.
"அந்தப் பெயரை எழுதினால்
வீட்டுக்காரன் சாவி தரமாட்டான்,
இன்ஷூரன்ஸ்காரி போனை வைத்துவிடுவாள்,
வருகிறவர்கள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு
அடுத்த கூண்டுக்குப் போவார்கள்.
எழுதாமல் விட்டால், பொய்."
கடைசியில் 'நாய்' என்று எழுதினோம்.
பெயர், டர்னிப்.
முதல் நாள் அது வாயில் வைத்த ஒரே பண்டம்.

பட்டையை வெட்டி எடுத்தபோது
டாக்டரம்மாவின் முழங்கையை நக்கிக்கொண்டே நின்றதாம்.
தீவன லாரிக்காரனைக் கண்டால் குழையும்.
மின்மீட்டர் பார்க்க வந்தவன் மேல் சாய்ந்து தூங்கும்.
என்னைக் கண்டால் மட்டும்
சுவரோடு சுவராக ஒட்டும்.
உறுமலில்லை, பல்லில்லை.
கண்ணை இறுக மூடிக்கொள்ளும்,
காலடியில் ஈரம் பரவும்.

மூன்றாவது வாரம் ஓடெல் சொன்னான்,
"அந்தக் கோட்டைக் கழற்றிப் பார், மார்கிட்."

கழற்றினேன். நீலக் கோட்டு. அரசாங்க நீலம்.
அது ஒரு கண்ணைத் திறந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.
இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரல்.
வார்ப்பாலைக்கு இன்னும் காவலாள் இருந்த காலம்.
திறந்த கேட்டுக்குள்ளிருந்து பழுப்பாய் ஒன்று
என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது.
இடுப்பில் மிளகுக் குப்பி.
கண்ணுக்கு நேராக அடி என்றுதான் பயிற்சி.
அடித்தேன்.
உடம்பு முழுக்க வாலாகி ஆடிக்கொண்டு
அது வந்ததை
கண் பார்த்தது, கை பார்க்கவில்லை.
அறிக்கை எழுதினேன்:
'ஆபத்தான இனம். தாக்க வந்தது.'
கையெழுத்து, தேதி.
அதற்குப் பிறகுதான் சங்கிலி வந்ததா?
கேட்க அங்கே யாரும் இல்லை.

ஓடெலிடம் அன்று சொல்லவில்லை.
மார்ச்சில், தரை துடைக்கும்போது சொன்னேன்.
துடைப்பத்தை ஒருமுறை பிழிந்தான்,
இன்னொருமுறை பிழிந்தான்,
"அந்த மூலை இன்னும் காயல" என்றான்.

ஐந்தாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி சம்மதித்தது.
இப்போது என் சோபாவில் பாதி அதனுடையது;
எந்தப் பாதி என்பதில்தான் தினமும் தகராறு.
எதிர்வீட்டு கோவல்ஸ்கி இன்னும்
எங்களைக் கண்டால் தெருவைக் கடந்துவிடுகிறார்.
அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கோட்டு கார் கொட்டகையில், ஆணியில் தொங்குகிறது.
பனி எவ்வளவு கடித்தாலும்
அங்கிருந்து கதவு வரை பதினோரு எட்டு
வெறும் ஸ்வெட்டரோடு ஓடுவேன்.
உள்ளே அது, உடம்பு முழுக்க வாலாகி.

ஆனாலும் சாவிக்காக
கை இடுப்புக்குப் போனால்
ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறது.

சாவியை இப்போது கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.
கயிறு கொஞ்சம் உறுத்துகிறது.