சேவையில் இல்லை

செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணி.
பல்லாரட்டில், சாரணர் கூடத்தில் ஒரே ஒரு ஹீட்டர்.
அதன் பக்கத்து நாற்காலிக்காக
ஆறே முக்காலுக்கே வந்துவிடுவாள் நோலீன்.
நான் வரும்போது பேருந்துச் சீருடை,
சட்டையில் பெயர்ப்பட்டை,
காலில் இன்னும் பிரேக்கின் அதிர்வு.

முதல் மாதம் சங்கிலித் தையல்.
கண்ணிக்குள் கண்ணி,
வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள்.
கடைசிப் பிள்ளையைக் கட்ட மறந்தேன்.
வீடு போய்ச் சேர்வதற்குள்
மொத்த வரிசையும் கலைந்து ஓடியிருந்தது.

இரண்டாம் மாதம் பிரெஞ்சு முடிச்சு.
ஊசியில் இரண்டே சுற்று.
எலெக்ட்ரீசியன் ஹேமிஷ் சொன்னான்:
"நூலைத் தொய்யவிடாதே,
உருவி முடிக்கும்வரை விரல் எடுக்காதே."
அவன் போட்டவை கடுகு.
நான் போட்டவை வடகம்.

இங்கே யாரும் தப்பு என்று சொல்வதில்லை.
கொக்கு மூக்கோடு ஒரு குட்டிக் கத்தரி உண்டு.
பிஸ்கட் தட்டோடு தட்டாக
அது உங்கள் பக்கம் நகர்ந்து வரும்.
அவ்வளவுதான். பிரிக்க வேண்டும்.

தேநீருக்குப் பிறகு துணிகள் கைமாறும்.
பூவை யாரும் பார்ப்பதில்லை,
வளையத்தைத் திருப்புகிறார்கள்;
பெண் பார்க்க வந்தவர்கள்
கூடத்தை விட்டுவிட்டு
அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பது போல.

கிளெனிஸின் பின்பக்கம் முன்பக்கத்தின் தங்கை.
டொரோட்டா நூல் நுனியை எங்கே ஒளிக்கிறாள் என்று
நூலுக்கே தெரியாது.
என்னுடையதில்
ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குக்
குறுக்கே தாவிய நீலம்,
அதன் முதுகில் ஏறிய பச்சை,
வழி தவறித் திரும்பி வந்த சிவப்பு.
அதன்மேல் வெள்ளைத் துணி வைத்துச்
சுற்றிலும் தைத்து மூடிவிட்டேன்.
"எதற்கு இந்த உறை?"
"குளிருக்கு" என்றேன்.

ஆகஸ்டில் கண்காட்சிக் கூட்டம்.
கிளெனிஸ் எழுந்தாள்:
"இந்த வருஷம் எல்லாவற்றையும் திருப்பி மாட்டுவோம்.
பின்பக்கம்தான் கண்காட்சி."
நோலீன் ஹீட்டரை விட்டு எழுந்தாள்.
அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.
"இத்தனை வருஷம் முகம் காட்டியாயிற்று,
இப்போது எதற்கு முதுகு?"
கை தூக்கச் சொன்னார்கள்.
ஆறுக்கு ஆறு.
பதின்மூன்றாவது கை
என் மடியில், விரல்தொப்பியோடு, கிடந்தது.
அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

வியாழன் இரவு. கடைசி நடை முடிந்து
வெண்டூரியிலிருந்து வண்டியை வெறுமையாக
டெப்போவுக்கு ஓட்டினேன்.
நெற்றிப் பலகையில் 'சேவையில் இல்லை.'
ஏரிக்கரை நிறுத்தத்தில் ஒருத்தி கை நீட்டினாள்,
எழுத்தைப் படித்தாள்,
நீட்டிய கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

டெப்போச் சுவரில் ஒரு வரைபடம் இருக்கிறது.
பயணிகளுக்கு அதைத் தருவதில்லை.
அதில்தான் காலி வண்டிகளின் கோடுகள்,
ஊரைக் கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டு.
ஆறு இருபதுக்கு மருத்துவமனை வாசலில்
ஒரு பேருந்து பூக்க வேண்டுமானால்
ஐந்தரை இருட்டில் யாரோ ஒருவர்
ஆளில்லாத இருக்கைகளை ஓட்டி வந்திருக்க வேண்டும்.
பதினோரு வருஷமாக அந்த யாரோ
பெரும்பாலும் நான்.

செவ்வாய் வந்தது. கை தூக்கினேன்.
தூக்கிய கையாலேயே
கொக்கு மூக்கை நானாக எடுத்து
உறையின் தையலை வெட்டினேன்.

கைதட்டல் எதுவும் இல்லை.
கிளெனிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
குனிந்து பார்த்தாள்.
"இந்த நீலம் ரொம்பத் தூரம் தாவியிருக்கிறது.
முன்னால் இதழ் சுருங்குகிறதே, அதனால்தான்.
நடுவில் பச்சைக்கு அடியில் நுழைத்து எடு."
ஒரு நிறுத்தம் வைக்கச் சொல்கிறாள்.
சரி. வைக்கிறேன்.

துணிகள் சுற்றி வந்தன.
நோலீன் தன் வளையத்தைத் தரவில்லை.
ஹேமிஷ் மெல்ல வாங்கித் திருப்பினான்:
இஸ்திரி போட்டு ஒட்டிய தடித்த துணி,
ஓரம் சிறிதும் பிரியாமல்.

ஹீட்டரின் செந்நிறம் முகத்தில் விழ
"குளிருக்கு" என்றாள்.

பிஸ்கட் தட்டு நகர்ந்தது.